ஹிக்கரி முதல் காபன் வரை: கோல்ஃப் மட்டைத் தண்டின் வரலாறு

கோல்ஃப் ஆட்டத்தில் மிக நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். நீண்ட குழிகளில் முதல் அடி பெரும்பாலும் இதனாலேயே அடிக்கப்படுகிறது. இந்த மட்டைக்கு மூன்று பகுதிகள் உண்டு: கை பற்றும் பிடி, பந்தில் மோதும் தலை, இரண்டையும் இணைக்கும் தண்டு. விளம்பரமும் விலையும் பெரும்பாலும் தலையைச் சுற்றியே அமைகின்றன. ஆனால் ஆட்டக்காரர் எப்படி நிற்க வேண்டும், எவ்வளவு வேகமாக வீசலாம், மணிக்கட்டை எப்போது திருப்ப வேண்டும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தண்டே தீர்மானித்து வந்தது. மரம், உருக்கு, காபன் இழை என்று தண்டு இரண்டு முறை பொருள் மாறியது. முதல் மாற்றத்தோடு வீசும் முறையும், இரண்டாவது மாற்றத்தோடு மட்டையின் நீளமும் எடையும் மாறின.

இலங்கைக்கு வந்த ஆட்டம்

பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கும் மிகப் பழைய கோல்ஃப் கழகம் 1829 இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. பெங்களூரில் 1876 இலும் கொழும்பில் 1879 இலும் கழகங்கள் தோன்றின. கொழும்புக் கழகத்தார் முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். திடலில் சனநடமாட்டம் கூடியதால் 1896 இல் பொரளையில் உள்ள இன்றைய இடத்துக்குக் கழகம் மாறியது. அப்போதைய ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயர் அந்தத் திடலுக்கு வைக்கப்பட்டது. 1928 இல் கழகத்துக்கு அரச பட்டம் கிடைத்தது. களனிவெளி ரயில் பாதை இன்றும் அந்தத் திடலை ஊடறுத்துச் செல்கிறது. மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில், 1890 அளவில் இன்னொரு கழகம் உருவானது. ஸ்கொட்லாந்துப் படைவீரர்களும் தோட்டத்துரைமாரும் அங்கு ஆட்டத்தை வளர்த்தார்கள்.

கொழும்புக் கழகத்தின் முதல் ஐம்பது ஆண்டுகள் மரத்தண்டின் காலம். பிரித்தானிய விதிகள் 1929 வரை வேறு பொருளை ஏற்கவில்லை.

ஹிக்கரியின் காலம்

தொடக்க நூற்றாண்டுகளில் ஸ்கொட்லாந்துக்காரர் உள்ளூர் மரங்களான ஆஷ், ஹேசல் ஆகியவற்றில் தண்டு செதுக்கினார்கள். 19 ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் கப்பலேறி வந்தது. கோடரிப் பிடிக்குப் பெயர் போன மரம் அது. நார் நீளமானது, வளைந்தால் முறியாமல் மீளும், மோதலின் அதிர்வையும் தாங்கும். சென் அன்ட்ரூஸ் நகரின் மட்டைத் தச்சரான ரொபர்ட் ஃபோர்கன் அதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர். சில பத்தாண்டுகளில் மற்ற மரங்கள் வழக்கொழிந்தன.

ஒரு தண்டைச் செய்து முடிப்பது பொறுமையான வேலை. நாரின் போக்கில் பிளந்த சதுரக் கோல்களை முதலில் நீண்ட காலம் காயவைப்பார்கள். பிறகு இழைப்புளியால் உருட்டி, அரத்தால் தேய்த்து, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் மெல்லிய சீவல்களாகச் சுரண்டுவார்கள். இடையிடையே நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் தண்டு அங்கே தளர்ந்துவிடும், அதைத் திருத்த வழியில்லை. தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகிட்ட நூலால் இறுகச் சுற்றுவார்கள். கடைசியாக அரக்கு மெருகு பூசுவார்கள்.

இவ்வளவு செய்தும் ஹிக்கரிக்கு மூன்று குறைகள் நீங்கவில்லை. முதலாவது, ஒரு மரத்தின் கோல் இன்னொன்றைப் போல் இராது. ஒரே தச்சர் ஒரே நாளில் செய்த இரண்டு மட்டைகள்கூட வேறு வேறாக வளையும். இரண்டாவது, ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் மரம் கோணும். மூன்றாவது குறை முறுக்கு. மட்டைத் தலையின் ஈர்ப்பு மையம் தண்டின் நேர்கோட்டில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. மண்வெட்டி அலகின் ஓரம் கல்லில் பட்டால் பிடி கைக்குள் முறுகுவதைப் போல, வேகமாக வீசும்போது அந்தத் தலை தண்டைத் திருக்குகிறது. மட்டையின் முகம் திறந்துகொள்கிறது, பந்து விலகிப் போகிறது.

இந்த முறுக்குத்தான் அக்கால வீச்சை வடிவமைத்தது. முரட்டு வேகம் தண்டைத் திருக்கியது. ஆகவே ஆட்டக்காரர்கள் நீண்ட, தட்டையான, நிதானமான வீச்சைப் பழகினார்கள். மட்டையை மெதுவாகப் பின்னே கொண்டுபோய், தலை வந்து சேரும்வரை பொறுத்து, கடைசி நொடியில் முன்னங்கைகளை உருட்டி முகத்தை மூடினார்கள். ஒரு சேர்க்கையில் உள்ள மட்டைகளைப் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். கைக்குப் பழகிய தண்டு முறிந்தால் அதற்கு நிகரானதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

உருக்குக் குழாய்

ஸ்கொட்லாந்துக் கொல்லர் தோமஸ் ஹோர்ஸ்பர்க் 1890-களிலேயே உருக்குத் தண்டு செய்து பார்த்தார். கனம் அதிகமாக இருந்ததால் அது பரவவில்லை. உள்ளே வெறுமையான குழாய்த் தண்டுக்கு அமெரிக்கப் பொறியியலாளர் ஆர்தர் நைட் 1910 இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் அக்கிள்ஸ் அன்ட் பொலக் நிறுவனமும் குழாய்த் தண்டுகளைச் செய்தது. ஆனால் பிரித்தானிய, அமெரிக்க விதிமன்றங்கள் இரண்டும் அவற்றைத் தடுத்து வைத்திருந்தன.

முதலாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஆட்டம் பெருகியது, நல்ல ஹிக்கரி அருகியது. 1924 இல் அமெரிக்க விதிமன்றம் உருக்குத் தண்டை அனுமதித்தது. பிரித்தானிய விதிமன்றம் மேலும் ஐந்து ஆண்டுகள் உறுதியாக நின்று, வேல்ஸ் இளவரசர் சென் அன்ட்ரூஸ் திடலில் உருக்குத் தண்டுகளோடு ஆடிய 1929 இல்தான் இணங்கியது. கொழும்பிலும் நுவரெலியாவிலும் உருக்குத் தண்டு விதிப்படி செல்லுபடியானது அதன் பின்னரே. பழைய கண்ணுக்குப் புதுமை உறுத்தாதிருக்க, பல தண்டுகளுக்கு மரநிறச் செலுலோயிட் உறை போட்டு விற்றார்கள்.

இரண்டு காலங்களும் ஒன்றையொன்று தொட்ட ஆண்டுகள் தெளிவாகத் தெரிகின்றன. 1930 இல் பொபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரித் தண்டுகளால் வென்றார். மறு ஆண்டே பில்லி பேர்க் உருக்குத் தண்டுகளோடு அமெரிக்கத் திறந்த போட்டியை வென்றார். அந்தப் பட்டத்தை உருக்கால் வென்ற முதல் ஆட்டக்காரர் அவர். 1930-களின் முடிவில் ஹிக்கரி போட்டிக் களத்தை விட்டு மறைந்தது.

உருக்குத் தண்டின் வடிவத்தை நிலைநிறுத்தியது ஒரு வேளாண் கருவி நிறுவனம். மண்வெட்டியும் முள்ளும் செய்து விற்ற அமெரிக்கன் ஃபோர்க் அன்ட் ஹோ நிறுவனம் ‘ட்ரூ டெம்பர்’ என்ற பெயரில் தண்டுகளைச் செய்தது. குழாயைப் படிப்படியாக ஒடுக்கி, பிடிப்பக்கம் பருத்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் வருமாறு அமைத்தார்கள். படியின் இடத்தை மாற்றினால் தண்டு எங்கே அதிகம் வளையும் என்பதை மாற்றலாம். ஆயிரம் தண்டு செய்தாலும் ஆயிரமும் ஒன்றுபோல் இருந்தன. பொருத்தமான மட்டைச் சேர்க்கை என்ற எண்ணம் இதனால் பரவியது. பழைய பெயர்களின் இடத்தில் மட்டைகளுக்கு எண்கள் வந்தன. பைகளில் இருபதுக்கு மேல் மட்டைகள் சேர்ந்தபோது, 1938 இல் அமெரிக்காவும் 1939 இல் பிரித்தானியாவும் 14 என்ற எல்லையை விதித்தன.

வீச்சும் மாறியது. உருக்குக் குழாய் மிகக் குறைவாகவே திருகும். ஆகவே தலைக்காகக் காத்திருக்கவோ முன்னங்கையை உருட்டவோ தேவையில்லாமல் போனது. கால்களையும் இடுப்பையும் முன்னே செலுத்தி, நிமிர்ந்த தளத்தில் முழுப் பலத்தோடு வீசலாம் என்று பைரன் நெல்சன் காட்டினார். இன்றைய வீச்சின் முன்னோடியாக அவரே போற்றப்படுகிறார்.

காபன் இழை

உருக்குக்குப் பிறகு கண்ணாடி இழையும் அலுமினியமும் முயன்று பார்க்கப்பட்டன. கேரி பிளேயர் 1965 அமெரிக்கத் திறந்த போட்டியைக் கண்ணாடி இழைத் தண்டுகளால் வென்றார். ஆயினும் இரண்டும் நிலைக்கவில்லை. நிலைத்தது காபன் இழை. 1958 இல் அமெரிக்க ஆய்வாளர் ரொஜர் பேக்கன் அதன் வலிமையைக் கண்டறிந்தார். 1960-களில் ஜப்பானிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகத்திலும் அதை விமானப் பாகங்களுக்கு ஏற்றவாறு வளர்த்தெடுத்தார்கள். தூண்டில் கருவிகளுக்குப் பெயர் பெற்ற ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிராங்க் தோமஸ் 1969 இல் அதிலிருந்து கோல்ஃப் தண்டு செய்தார். கடற்கரையில் இன்று கையாளப்படும் இலேசான தூண்டிற்கம்புகளுக்கும் டிரைவர் தண்டுக்கும் பொருள் ஒன்றே.

செய்முறை எளிதில் விளங்கக்கூடியது. பிசினில் தோய்த்த காபன் இழைத் தாள்களை வெட்டி, ஒடுங்கிவரும் உருக்குக் கம்பியின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றுகிறார்கள். மேலே நாடாவால் இறுக்கிச் சூளையில் வேகவைத்து, பின்பு கம்பியை உருவி எடுக்கிறார்கள். எந்தத் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. தண்டின் நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தடுக்கிறது. 45 பாகையில் சாய்ந்து ஓடும் இழை முறுக்கைத் தடுக்கிறது. குறுக்கே சுற்றிய இழை குழாய் நசுங்காமல் காக்கிறது.

மரத்திலும் உருக்கிலும் வளைவும் முறுக்கும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். காபன் இழை அந்தப் பிணைப்பை அவிழ்த்தது. அதிகம் வளைந்து குறைவாகத் திருகும் தண்டையும், நுனி விறைத்து நடு நெகிழும் தண்டையும் வடிவமைப்பாளர் விரும்பியபடி செய்யலாம். கூடவே எடை பாதியாகக் குறைந்தது. உருக்கு டிரைவர் தண்டு 120 கிராம் அளவில் இருந்தது, இன்றைய காபன் தண்டு பெரும்பாலும் 50 முதல் 70 கிராம்.

முதல் காபன் தண்டுகள் விலை அதிகம், முறுக்கும் அதிகம். அதனால் 1970-களில் அவை மெதுவாகவே பரவின. 1990-களில் டிரைவர் தலை டைட்டேனியத்துக்கு மாறிப் பருத்தபோதுதான் நிலைமை திரும்பியது. இலேசான தண்டு 43 அங்குல மட்டையை 45 அங்குலமாக்க இடம் கொடுத்தது. ஆயினும் டைகர் வூட்ஸ் 2000-களின் தொடக்கம் வரை உருக்குத் தண்டு டிரைவரையே வைத்திருந்தார். தூரத்தைவிட நேரான அடியை விரும்பியவர்களுக்கு உருக்கு அப்போதும் கைகொடுத்தது.

வீச்சுக்குள் நடப்பது

மேலிருந்து பந்துவரை மட்டை இறங்கக் கால் செக்கன் அளவே ஆகிறது. அதற்குள் தண்டு இரண்டு பக்கமும் வளைகிறது. இறக்கத்தின் தொடக்கத்தில் கைகள் முன்னே இழுக்கின்றன, 200 கிராம் அளவுள்ள தலை பின்தங்குகிறது, தண்டு பின்னோக்கி வளைகிறது. பந்தை நெருங்கும்போது நிலைமை மாறுகிறது. தலை வெளிநோக்கி இழுக்கும் விசை, வேகமான ஆட்டக்காரரிடம், 30 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். தலையின் ஈர்ப்பு மையம் தண்டுக்குப் பின்னால் இருப்பதால், இந்த இழுப்பு தண்டை முன்னோக்கி வளைக்கிறது, தலையின் நுனியையும் சற்றுக் கீழே தாழ்த்துகிறது. மோதும் நேரத்தில் மட்டைமுகம் கூடுதலாக மேல்நோக்கிப் பார்ப்பதும் பந்து உயரமாகக் கிளம்புவதும் இதனால்தான். நெகிழ்ந்த தண்டு இந்த விளைவைக் கூட்டுகிறது, விறைத்த தண்டு குறைக்கிறது.

தண்டு வில்லைப்போல் சக்தியைத் தேக்கிப் பந்தில் பாய்ச்சுகிறது என்ற நம்பிக்கை பரவலானது. தண்டு சிறிதளவு சக்தியைத் தேக்கி மீட்பது உண்மை. ஆனால் விறைப்பை மட்டும் மாற்றிச் செய்த ஆய்வுகளில் தலையின் வேகம் சொற்பமாகவே வேறுபட்டது. வேகத்தை உடலே உண்டாக்குகிறது. தலையும் பந்தும் தொட்டிருப்பது ஒரு செக்கனின் 2,000 இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே. மோதலின் அதிர்வு கைக்கு வந்து சேரும்போது பந்து போய்விட்டது. ஆகவே தண்டின் வேலை, மோதும் கணத்துக்கு முன்னரே தலையைச் சரியான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்துவது.

நீளம் கூடினால் தலை பெரிய வட்டத்தில் சுழன்று வேகம் பெறும். ஆனால் நடுமுகத்தில் பந்தைப் படவைப்பது கடினமாகும். போட்டிகளில் 46 அங்குலத்தை எல்லையாக விதிக்க 2022 முதல் இடமுண்டு. தண்டு எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைய வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவு திருக வேண்டும் என்பதும் விதி.

இன்றைய இலங்கையும் தேர்வும்

கண்டிக்கு அருகே திகணையிலும் திருகோணமலைச் சீனன்குடாவிலும் இன்று திடல்கள் உண்டு. மட்டைப் பை சுமக்கும் கெடிகளாகத் தொடங்கி ஆட்டத்தைக் கற்றவர்கள் இலங்கைக் கோல்ஃபின் முதுகெலும்பாக இருந்திருக்கிறார்கள். 2002 பூசன் ஆசிய விளையாட்டு விழாவில் அனுர ரோஹண தனிநபர் வெள்ளிப் பதக்கம் வென்றார். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் என். தங்கராஜா பட்டங்களை வென்றிருக்கிறார்.

புதிதாக மட்டை வாங்குபவர் தண்டின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்ற விறைப்பு எழுத்துகளை நம்பித் தேர்வு செய்யக் கூடாது. அவற்றுக்குப் பொது அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொரு நிறுவனத்தின் ஆர் ஆக இருக்கலாம். முதலில் கை களைக்காமல் ஒரே தாளத்தில் வீசக்கூடிய எடையைத் தெரிவு செய்ய வேண்டும், அடுத்து நடுமுகத்தில் பந்து படும் நீளத்தை, அதன் பிறகே விறைப்பை. ஹிக்கரிக் காலத்து ஆட்டக்காரர் தண்டுக்கேற்பத் தம் வீச்சை மாற்ற வேண்டியிருந்தது. இன்று வீச்சுக்கேற்பத் தண்டைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது ஆட்டக்காரருக்கே நட்டம்.