பழியே வழியா?

புதுவை நகரின் வடபுறத்தே உள்ளது கருவடிக்குப்பம். கவி பாரதி நாடிச் சென்ற குயில்தோப்பு அங்கேதான் என்று புதுவை மக்கள் பெருமையோடு காட்டுவர். நாம் இன்று காட்ட விழைவது தோப்பையன்று, தெருவை. அங்கே ஒரு தெருவில், அடுத்தடுத்து இரு வீடுகள் இருப்பதாக எண்ணிப் பாருங்கள்.

முதல் வீட்டாரின் முப்பாட்டனார், 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையின்படி, 'சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்தேன்' என்று அறிவித்தவர். பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னின்று நடத்திய இயக்கம் அது. அவரே 'லாப்போர்த்' என்று புதுப்பெயர் பூண்டார். அப்படித் துறந்தவரின் வழித்தோன்றல்களுக்குக் குடும்ப வழக்குகளில் பிரெஞ்சு சிவில் சட்டம். துறவாத அடுத்த வீட்டாருக்கு, 1963 அக்டோபர் முதல் இந்து திருமணச் சட்டம். சுவர் ஒன்று, சட்டம் இரண்டு!

இவ்விரு வீடுகளிலும் இல்லறம் இடிந்தால் என்ன நேரும்? நுழையும் நீதிமன்ற வாயில் வேறாகலாம். ஆனால் நெடுங்காலம் இரண்டு வாயிலிலும் நின்ற காவலன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உங்களில் குற்றவாளி யார்? காட்டு, விடுகிறேன்!" அந்தக் கேள்வியே, மணவிலக்கு வழக்குகளில் கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் வீசும் பொய்ப்பழிக்குத் தாய் என்கிறோம் நாம். வரலாறு அதற்குச் சான்று பகர்கிறது.

புரட்சி செய்த பிரான்சு 1792இல் மணவிலக்குக்குக் கதவைத் திறந்தது. இருவரும் ஒப்பினால் பிரியலாம். மனம் பொருந்தவில்லை என்று ஒருவர் கூறினாலும் பிரியலாம். பழி தேவைப்படவில்லை. 1804இல் நெப்போலியனின் சட்டத் தொகுப்பு வந்தது, கதவு ஒடுங்கிற்று. மனைவி பிறனை நாடினால் கணவன் விலகலாம். கணவன் பிறளை நாடினாலோ, அவளைத் தங்கள் இல்லத்திலேயே கொணர்ந்து வைத்திருந்தால்தான் மனைவி விலகலாம்! ஆணுக்கு ஒரு தராசு, பெண்ணுக்கு ஒரு தராசு. மனு பிறந்த மண்ணில் மட்டுந்தான் மனுநீதி உண்டு என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஒப்புதல் மணவிலக்கையும் அத்தொகுப்பு விட்டு வைத்தது. ஆனால் மனைவிக்கு 45 வயதாகிவிட்டால் அது கூடாது என்றது. 1809 டிசம்பரில் நெப்போலியன் யோசபினை விட்டு விலகினான். எந்த வழியில்? ஒப்புதல் வழியில்! யோசபினுக்கு அப்போது வயது 46. பேரரசனுக்குப் பழியற்ற பிரிவு. குடிமக்களுக்குக் குற்றம் தேடும் வேலை!

1816இல் மன்னராட்சி மீண்டதும் மணவிலக்கே ஒழிந்தது. 1819 சனவரி 6ஆம் நாள் ஆணையால் அத்தொகுப்பு புதுவைக்குக் கப்பலேறி வந்தபோது அதில் மணவிலக்கு இல்லை. இந்தியர்களுக்கோ, அவரவர் சாதி வழக்கமே நீடிக்கும் என்று அதே ஆணை கூறிற்று. 1884 சூலை 27இல் பிரான்சு மணவிலக்கை மீட்டது. கணவனின் பிறழ்வையும் மனைவியின் பிறழ்வையும் ஒரே தட்டில் நிறுத்தியது. நல்லதுதான். ஆனால் ஒப்புதல் வழியை மீட்கவில்லை. அதற்குப் பிரான்சு 1975 வரை காத்திருந்தது. இடைப்பட்ட 91 ஆண்டுகள், பிரிய விரும்பியவர் யாராயினும் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீர வேண்டும்!

அடுத்த வீட்டின் கதை என்ன? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் மணவிலக்கு உரிமை வேண்டுமென்றது. வைதீகர் கொதித்தனர். 1949இல் சென்னை மாகாணம் ஒரு சட்டம் செய்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதில் மணவிலக்குக்கான காரணங்களைப் படித்துப் பாருங்கள்: பிறரோடு தகாத வாழ்வு, தீராத மனநோய், தொழுநோய், பிறருக்குத் தொற்றும் மேகநோய்... காரணப் பட்டியலா இது? வசைப் பட்டியல்! கொடுமை என்பது மணவிலக்குக்கு நேரடிக் காரணமாகச் சேர்ந்ததும், இருவர் ஒப்புதலால் பிரியும் வழி பிறந்ததும் 1976இல்தான். தொழுநோய் பட்டியலிலிருந்து நீங்கியது 2019இல். வெறும் வெறுப்பால் பிரிய நினைத்தவனிடம், 'நடத்தை கெட்டவள் என்று சொல், பைத்தியம் என்று சொல்' எனச் சட்டமே சொல்லெடுத்துக் கொடுத்தது.

இங்கிலாந்திலோ வேடிக்கை வேறு. பிரிய ஒப்பிய கணவன், கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தி விடுதி அறையில் இருப்பது போலக் காட்டி, பணியாளைச் சாட்சியாக்கிய வழக்குகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல. செய்யாத குற்றத்தைச் செய்ததாக நடித்தால்தான் விடுதலை! அந்நாடு யாரையும் குற்றஞ்சாட்டாமல் பிரியும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2022 ஏப்ரல் 6இல்.

சட்டம் வாயிலைக் காட்டியது. கற்பு என்னும் கட்டுக்கதை கத்தியைக் கொடுத்தது. இராமாயணத்தில் தீயிலிறங்கியவள் சீதை. ஐயுற்றவனுக்குத் தீ மூட்டப்பட்டதா? இல்லை. தீயிலிருந்து மீண்ட பின்னும், ஊராரின் வம்புப் பேச்சுக்காகக் காடேகினாள். மெய்ப்பித்தாலும் தீராத பழி! பெண்ணின் மானத்தை அவள் உடலில் கட்டிவைத்த சமுதாயத்தில், ஒரு சொல் போதும், ஒரு வாழ்வை அழிக்க. ஆகவேதான் அந்தச் சொல் மலிவாக வீசப்படுகிறது.

ஆணின்மேல் பொய்ப்பழி வீழ்வதில்லையா? வீழ்கிறது. மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்க 1983இல் பிறந்த 498ஏ பிரிவு, எரிந்து மாண்ட பெண்கள் பலரின் சாம்பலிலிருந்து எழுந்தது. அதையே சிலர் பழிவாங்கும் கருவியாக்கியதும் உண்டு. புகார் வந்தவுடனே தேவையின்றிக் கைது செய்யலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014 சூலை 2ஆம் நாள் கூறியது அதனால்தான். ஆனால் சில புகார்கள் பொய் என்பதால் எல்லாப் புகார்களும் பொய் என்போர், திருடன் கையில் விளக்கைக் கொடுப்பவர். பகுத்தறிவுக்கு ஆண் பெண் என்ற சார்பில்லை; சான்று உண்டா என்பதே அதன் கேள்வி.

பழிக்கு ஆளானவர் என் செய்வது? ஒன்று: அஞ்சி ஒடுங்கலாகாது. மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டியவருடையது. நாளும் இடமும் கேளுங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே ஆவணத்தோடு மறுங்கள். 1820இல் இங்கிலாந்து மன்னன் நான்காம் சார்ச்சு, தன் மனைவி கரோலினைப் பிறன் நாடியவள் என்று கூறி, பாராளுமன்ற மசோதா வழியே மணத்தை அறுக்க முனைந்தான். குறுக்கு விசாரணையில் முதன்மைச் சாட்சி, "எனக்கு நினைவில்லை" என்று திரும்பத் திரும்பக் கூறி நகைப்புக்கு ஆளானான். பிரபுக்கள் அவையில் 9 வாக்குகளே மிகுதியாகக் கிடைத்தன. நவம்பர் 10இல் மசோதா கைவிடப்பட்டது. அரசனே சுமத்தினாலும் கேள்வியின்முன் பழி தள்ளாடும்!

இரண்டு: பழிக்குப் பழி வீசலாகாது. மனைவியின் ஒழுக்கத்தை இழித்து ஒருவர் வழக்கு மன்றத்தில் எழுதித் தந்தார். பின்னர் அவ்வரிகளைத் திரும்பப் பெற்றார். எழுதியதே கொடுமை, திரும்பப் பெற்றதால் புண் ஆறிவிடாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மனைவிக்கு மணவிலக்கு வழங்கியது. கணவன்மேல் மனைவி தொடுக்கும் பொய்ப்புகாரும் மனக்கொடுமையே என்று 2013இல் கூறிற்று. பொய்ப்பழி எறிந்தவனுக்கே எதிராகத் திரும்பும் கல்.

மூன்று: குழந்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாகாது. தாயின்மேல் ஐயம் என்ற ஒன்றுக்காகவே குழந்தைக்கு மரபணுச் சோதனை கேட்கக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பெற்றோர் பிரியலாம், பிள்ளையின் பிறப்பைச் சந்தியில் நிறுத்த யாருக்கு உரிமை?

நான்கு: ஊருக்கு வம்பு விருந்து படைக்கலாகாது. இந்து திருமணச் சட்ட வழக்குகளை மூடிய அறையில் நடத்தவே 22ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. திண்ணை, நீதிமன்றமன்று.

இவை புண்ணுக்கு மருந்து. நோய்க்கு மருந்து வேறு. மணம் மீளமுடியாமல் முறிந்துவிட்டதெனில், தன் தனி அதிகாரத்தால் அதைக் கலைக்க இயலும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 1ஆம் நாள் உரைத்தது. ஆனால் அதைத் தனிக் காரணமாக ஏற்கும் விதி இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. ஒருவர் ஒப்ப மறுத்தால், மற்றவர் இன்றும் குற்றம் தேடித்தான் அலைய வேண்டும். ஏழைத் தொழிலாளி டில்லி வரை சென்றா விடுதலை கேட்பான்?

எனவே தோழர்களே, நாம் கேட்பது இரண்டு. சட்டம், 'யார் குற்றவாளி?' என்று கேட்பதை விட்டு, 'பிரிந்தபின் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வாழ்வு என்ன?' என்று கேட்கட்டும். ஊர், கற்பைக் காட்டிப் பெண்ணை மிரட்டுவதை விட்டொழிக்கட்டும். கூடி வாழ வந்த இருவர், வாழ இயலாதபோது மனிதராகவே பிரியட்டும். கருவடிக்குப்பத்தின் இரு வீட்டுக்கும் அந்த ஒரு நீதி வரும் நாளில், பழிக்கு வேலை இராது.