கொஞ்சூண்டு தானே, சாப்பிட்டா என்ன? – கோதுமை ஆகாதவர்களின் கதை

ஓட்டல் மெனு கார்டின் ஓரத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருப்பதைப் பார்த்தால் நம்மில் பல பேருக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். "இதெல்லாம் காசு இருக்கிறவங்க வியாதிப்பா" என்று ஒரு கமெண்ட்டும் கூடவே வரும். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. செத்துப்போன குழந்தைகள், ஒரு பஞ்சம், மாவு பிசைந்த கன்னியாஸ்திரிகள், வாடிகன் வரை போன வழக்கு, எல்லாம் உண்டு. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

முதலில் குளூட்டன் என்றால் என்ன? பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரியுதே, அந்த இழுவைக்குக் காரணமான புரதம்தான் அது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் இருக்கிறது. அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளத்தில் கிடையாது. சீலியாக் என்ற நோய் இருப்பவர்களுக்கு இந்தப் புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் ஒரே வைத்தியம்.

இது இவ்வளவு தெளிவாகத் தெரியவே பல தலைமுறை ஆச்சு.

1887-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் ஒரு சொற்பொழிவு செய்தார். வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, ஓயாமல் வயிற்றுப்போக்கு ஆகிற குழந்தைகளைப் பற்றி. இந்த நோய் குணமாக வேண்டுமென்றால் அது சாப்பாட்டால்தான் ஆகும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் மனுஷர். அவர் சொன்ன ஒரு உதாரணம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு குழந்தைக்குத் தினமும் டச்சு நாட்டு மட்டிச் சிப்பி நிறையக் கொடுத்தார்கள். நன்றாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் பழையபடி படுத்துவிட்டது. அடுத்த சீசன் வந்தபோது அந்தக் குழந்தை சிப்பியை வாயில் வைக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டது! குழந்தையைக் குற்றம் சொல்ல முடியுமா? தினம் ஒரே சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து தின்றால் யாருக்குத்தான் அலுக்காது.

இதில் கொடுமை என்னவென்றால், அதே ஜீ, மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். எதிரி தட்டிலேயே இருந்தான், யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது நியூயார்க். 1924-இல் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் வாழைப்பழ வைத்தியம் ஒன்றை வெளியிட்டார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எல்லாம் கட். வாழைப்பழம் மட்டும் ஏராளமாக. குழந்தைகள் பிழைத்தார்கள். பல குழந்தைகள் மாசக்கணக்கில் வீட்டை விட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்து வாழைப்பழம் தின்றார்கள். 'வாழைப்பழக் குழந்தைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஆனால் பிழைக்க வைத்தது வாழைப்பழம் இல்லை, ரொட்டியை நிறுத்தினதுதான் என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. அதனால் "குணமாயிடுச்சு, இனிமே எல்லாம் சாப்பிடலாம்" என்று மறுபடி ரொட்டியைக் கொடுத்தார்கள். வெளியே நோய் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் கெட்டுக்கொண்டே இருந்தது.

குற்றவாளியைப் பிடித்தவர் நெதர்லாந்துக்காரர். வில்லெம் டிக்கே. தி ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 1936-இல் இயக்குநராக வந்தபோது அவருக்கு 31 வயசுதான். அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கதை இது. 1944-45 குளிர்காலத்தில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்ய, பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போகவிடாமல் தடுத்தார்கள். கொடும் பஞ்சம். ஜனங்கள் டியூலிப் கிழங்கையும் சர்க்கரை பீட்டையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள். ஊரே பட்டினியில் கிடக்க, டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! பிறகு நிவாரண ரொட்டி வந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம். அந்தக் குழந்தைகள் மறுபடி படுத்துவிட்டார்கள்.

கேட்கவே சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் பஞ்சம் தற்செயலாகச் சொல்லிக்கொடுத்த பாடம் என்று மட்டும் நினைத்தால் அந்த மனிதரின் உழைப்புக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். 1930-களிலேயே, ரொட்டியை நிறுத்தியதும் குழந்தை தேறியது என்று ஒரு தாய் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர் டிக்கே. 1941-இலேயே ரொட்டி இல்லாத உணவைப் பற்றி எழுதியும் விட்டார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதி செய்தது, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் வருஷக்கணக்காகக் கவனித்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். வான் டி காமர், வெயர்ஸ் என்ற இருவர் அவரோடு சேர்ந்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்று அளந்து பார்த்தார்கள். கோதுமையின் மாவுச்சத்து குற்றவாளி இல்லை, புரதம்தான் என்று தெரிந்தது. 1952-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் குழுவும் அதையே உறுதி செய்தது. 1956-57 வாக்கில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்க்கவும் முடிந்தது. தேய்ந்துபோன குடல் கண்ணால் பார்க்கிற விஷயமாகிவிட்டது.

டாக்டர்களைப் பொறுத்தவரை கதை இங்கே முடிந்துவிட்டது. நோயாளிகளுக்கோ இங்கேதான் ஆரம்பம்.

யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ரொட்டி என்பது சாப்பாட்டில் ஒரு ஐட்டம் இல்லை. சாப்பாடே அதுதான். ரொட்டியைப் பிட்டுப் பகிர்வதுதான் உறவு. பிறந்தநாள் என்றால் கேக், நண்பர்கள் சேர்ந்தால் பார்லியில் செய்த பீர், இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாஸ்தா. டாக்டர் சொன்னது ஒரு தானியத்தைத்தான். பறிபோனது பந்தி.

அதிலும் இது 'கொஞ்சமா சாப்பிடு' என்கிற பத்தியம் இல்லை. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே குடல் கெடலாம் என்று 2007-இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. சாதாரண ரொட்டி ஒரு துண்டில் 2 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். அதாவது ஒரு துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. பக்கத்து ஆள் வெண்ணெய் தடவிய கத்தி, எல்லாரும் ரொட்டி வாட்டும் டோஸ்டர், சமோசா பொரித்த எண்ணெய், எல்லாமே ஆபத்துதான். இன்னொரு தொல்லை, பலருக்குச் சாப்பிட்ட உடனே ஒன்றும் ஆகாது. ரத்த சோகை, எலும்புத் தேய்மானம், அபூர்வமாகக் குடலில் புற்றுநோய் என்று மெதுவாக வந்து நிற்கும். அதனால் சுற்றி இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். "கொஞ்சூண்டு தானே, போன வாரம் சாப்பிட்டே, நல்லாத்தானே இருந்தே?" உலகத்தில் எந்த மொழியிலும் சீலியாக்காரர்கள் அதிகம் கேட்ட வசனம் இதுவாகத்தான் இருக்கும்.

1968-இல் பிரிட்டனில் இவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பீட்டர் பெனன்சன். அரசியல் கைதிகளுக்காக 1961-இல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலை ஆரம்பித்த அதே பெனன்சன்தான்! அவருக்கே சீலியாக் உண்டு. அந்தக் காலத்திலிருந்து பிரிட்டனில் குளூட்டன் இல்லாத ரொட்டியை டாக்டர் சீட்டு எழுதி, மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது. ரொட்டிக்கு மருந்துச் சீட்டு! 2018-இல் இங்கிலாந்தில் இதை ரொட்டி, மாவு என்று மட்டும் சுருக்கிவிட்டார்கள். பல பகுதிகளில் அதுவும் நின்றுவிட்டது.

இத்தாலிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2005-ஆம் வருஷத்து 123-ஆம் எண் சட்டம் சீலியாக்கை ஒரு 'சமூக நோய்' என்றே சொல்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு கேன்டீன்களில் கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு போட வேண்டும். இது போக, தனி உணவு வாங்க மாசாமாசம் அரசுப் படி. 2018 உத்தரவுப்படி 18 முதல் 59 வயது வரை ஆணுக்கு 110 யூரோ, பெண்ணுக்கு 90 யூரோ வரை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மட்டும் டிபன் டப்பாவோடு மூலையில் உட்காரக் கூடாது என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

எல்லாவற்றையும் விடச் சிக்கலான பந்தி ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலி. நற்கருணை அப்பம் கோதுமையில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவு. அப்படியென்றால் சீலியாக் இருக்கும் விசுவாசி என்ன செய்வது? 1995-இல் வாடிகன் ஒரு கடிதத்தில், இந்த நோய் உள்ளவர்களைக் குருப்பட்டத்துக்கே சேர்க்கக் கூடாது என்று சொன்னது. எழுதியவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் போப்பான 16-ஆம் பெனடிக்ட். 2003-இல் அவரே இதைத் தளர்த்தினார். மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும், முடியாதவர்கள் இரசத்தை மட்டும் பெறலாம், குருப்பட்டத்துக்கு வருபவர்களை மிகுந்த எச்சரிக்கையோடு பார்த்துச் சேர்க்கலாம் என்றார். குளூட்டனே இல்லாவிட்டால் மட்டும் செல்லாது. 2004-இல் நியூஜெர்சியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி அரிசி அப்பத்தில் வாங்கிய புதுநன்மை செல்லாது என்று மறைமாவட்டம் சொல்ல, அது உலகச் செய்தியானது.

வழி கண்டுபிடித்தவர்கள் மிசௌரி மாநிலத்தில் க்ளைடு என்ற சின்ன ஊரின் பெனடிக்டின் கன்னியாஸ்திரிகள். பல வருஷம் மாவைப் பிசைந்து, ஒட்டிக்கொண்டு, கருகிப்போய், கடைசியில் 0.01 சதவீதம் மட்டும் குளூட்டன் உள்ள அப்பத்தைச் செய்துவிட்டார்கள். மேலே சொன்ன 50 மில்லிகிராம் கணக்குக்கு முன்னால் இது தூசு. சட்டத்துக்குக் கோதுமை, குடலுக்குக் கோதுமை இல்லை. எந்த வக்கீலாலும் முடியாததை அடுப்படியில் முடித்தார்கள் :-)

2008-இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. 2013-இல் அமெரிக்காவும் அதையே எடுத்துக்கொண்டது. அதே வருஷங்களில் நோய் இல்லாதவர்களும் உடம்பு இளைக்க, சுறுசுறுப்பு வர என்று கோதுமையை விட ஆரம்பித்தார்கள். டென்னிஸ் வீரர் ஜோகோவிச் குளூட்டனை விட்டது பெரிய செய்தியானது. இதில் சீலியாக்காரர்களுக்கு நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. கடையில் பொருள் நிறையக் கிடைத்தது. ஆனால் ஓட்டலில் "எனக்குக் கோதுமை ஆகாது" என்றால் சர்வர் மனசுக்குள் "இன்னொரு டயட் பார்ட்டி" என்று நினைத்துவிட்டு, அதே கரண்டியால் பரிமாறிவிடுவார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2016-இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கு சீலியாக். தெற்கே 0.10 தான். நோய் வரக்கூடிய மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். அதாவது நம்மைக் காப்பாற்றி வந்தது இட்லியும் சோறும். 'சுகருக்கு நல்லது' என்று ராத்திரிக்குச் சப்பாத்திக்கு மாறிவிட்ட நம் வீடுகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அரிசிச் சாப்பாடு என்பதால் இங்கே தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் வரை அது வரும். ரவா கேசரி, சேமியா பாயசம், பூரி என்று கல்யாணப் பந்தியில் பாதி இலை கோதுமைதான். இலையில் உட்கார்ந்துவிட்டு "வேண்டாங்க" என்றால் நாம் சும்மா விடுவோமா? "எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிடாம போறதா" என்று சண்டைக்கே வந்துவிடுவோம். அன்பில்தான் செய்கிறோம். அந்த அன்புதான் அவருடைய குடலைக் கெடுக்கிறது.

நோய்க்குக் காரணம் தெரிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பாக்கி இருப்பது சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிய வைப்பதுதான். டிக்கேயின் பெருமை பஞ்சத்தைக் கவனித்ததில் மட்டும் இல்லை. அதற்கு முன்பே ஒரு தாய் சொன்னதை "சும்மா ஏதோ சொல்றாங்க" என்று தள்ளாமல் நம்பினாரே, அதில் இருக்கிறது. அடுத்த முறை பந்தியில் யாராவது "இது எனக்கு ஆகாதுங்க" என்றால் நாமும் அதையே செய்யலாம். காரணம் கேட்க வேண்டாம், வற்புறுத்த வேண்டாம். கை கழுவிய சுத்தமான கரண்டியில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டால் போதும்.