மீன் தூளும் கோழி மருந்தும்

கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் வழக்கம் மீன் தூள் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது. தானியமும் பிண்ணாக்கும் மட்டும் தின்ற குஞ்சு தேறாது. கொஞ்சம் மீன் சேர்த்தால் தேறும். காரணம் தெரியாமலே கோழி வளர்ப்போர் இதை அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் மீன் தூள் அருகிப்போய் சோயா அதன் இடத்துக்கு வந்தபோது குஞ்சுகள் வளர்ச்சி குன்றின. மீனில் இருந்த அந்தச் சத்து வைட்டமின் பி12 என்பது 1948-இல் தெளிவாயிற்று. அதை மலிவாகப் பெற வழி தேடிய லெடர்லி ஆய்வகத்தின் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும், ஆரியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்தபின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தனர். பி12-க்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அவை வளர்ந்தன. சக்கையில் எஞ்சியிருந்த மருந்துதான் காரணம். 1950-இல் செய்தி வெளியானது. மறு ஆண்டே, கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் தீவனத்தில் மருந்து கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

தமிழ்நாட்டில் மீனும் கோழியும் சந்தித்த கதை வேறு. சங்கு குளிப்பவர்களும் நாட்டுப்படகுகளும் நிறைந்த தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் இறங்கும் நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும். தூத்துக்குடி விசைப்படகுகளின் இழுவை மடியில் ஏறும் பொடிமீனும் கலப்பு மீனும், அதாவது சங்காயம், காய்ந்து கோழித் தீவனமாகிறது. அதன் பெரிய சந்தை நாமக்கல். கடற்கரை மணலில் காயும் சங்காயத்தில் உப்பும் மணலும் சேரும், சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களும் சேரும். புரதத்துக்காக வாங்கும் மூட்டையோடு நோயும் பண்ணைக்குள் வரலாம். நோய் வந்தால் மருந்து. வருமுன்னும் மருந்து என்பது பண்ணைகளில் பழகிப்போன வழி.

மழை குறைந்த நாமக்கல் முதலில் லாரித் தொழிலால் பேர்பெற்ற ஊர். 1970-களிலிருந்து அங்கே கூண்டுக் கோழி வளர்ப்பு பரவியது. ஊரில் லாரி இருந்ததால் முட்டைக்குத் தொலைவு ஒரு தடையாகவில்லை. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியது. 1985-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. சத்துணவில் 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. இன்று நாமக்கல் முட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் வெளிநாடு போகிறது. ஒரே கொட்டகையில் பல்லாயிரம் கோழிகள் நெருங்கி நிற்கும்போது ஒன்றின் சளி எல்லாவற்றுக்கும் பரவுகிறது. தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்தால் நோயுள்ள கோழியும் நோயில்லாத கோழியும் சேர்ந்தே குடிக்கின்றன.

அங்கேதான் சிக்கல். குறைந்த அளவில் நாள்கணக்காக மருந்து கிடைத்தால் கோழியின் குடலில் மருந்துக்கு அடங்கும் பாக்டீரியா சாகும், அடங்காதது பெருகும். அப்படி அடங்காமல் இருக்கச் செய்யும் எதிர்ப்பு மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1976-இல் வெளியிட்ட பாஸ்டன் பகுதி ஆய்வு இதைப் பண்ணையிலேயே காட்டியது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில் ஒரே வாரத்தில் ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களாகிவிட்டன. ஐந்தாறு மாதத்தில் அந்தப் பண்ணை வீட்டாரின் குடலிலும் அவை கூடின, அக்கம்பக்கத்தாரிடம் கூடவில்லை. மருந்து தின்றது கோழி மட்டுமே.

தீவனத்தில் மருந்து கலப்பதைப் பற்றி பிரிட்டனின் ஸ்வான் குழு 1969-லேயே எச்சரித்திருந்தது. ஸ்வீடன் 1986-இல் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முழுமையாகத் தடுத்தது.

இந்தியாவில் விவாதம் தாமதமாக வந்தது. 2014-இல் டெல்லிப் பகுதியில் வாங்கிய 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருப்பதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது. எச்சம் வேறு, எதிர்ப்புள்ள பாக்டீரியா வேறு. இரண்டையும் குழப்புவது செய்தித்தாள் வழக்கம். எச்சம் இறைச்சியில் தங்கும் மருந்து. பாக்டீரியா நன்கு வேகவைத்தால் சாகும். ஆனால் இறைச்சி வெட்டும் கை, கோழி எரு, கழிவுநீர் வழியே அது பரவும். பஞ்சாபின் 18 பண்ணைகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு பாக்டீரியாவையே தேடியது. பல முக்கிய மருந்துகளைச் சிதைக்கும் ஈஎஸ்பிஎல் நொதி கொண்ட ஈ. கோலை, கறிக்கோழிப் பண்ணை மாதிரிகளில் 87 சதவீதத்திலும் முட்டைக்கோழிப் பண்ணை மாதிரிகளில் 42 சதவீதத்திலும் இருந்தது. நாமக்கல் முட்டைக்கோழி ஊர். கறிக்கோழி பல்லடம், உடுமலைப் பக்கம் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்து வருவதால், மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்பது பண்ணைக்காரருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு.

இதே மருந்துப் பிரச்சினையைத் தூத்துக்குடியின் இறால் ஏற்றுமதியாளர்கள் முன்பே சந்தித்துவிட்டனர். 2002-ஐ ஒட்டி நைட்ரோஃப்யூரான் என்னும் மருந்தின் எச்சத்துக்காக ஐரோப்பாவில் இந்திய இறால் சரக்குகள் தடுக்கப்பட்டன. பரிசோதனைக் கூடங்களும் தடைப் பட்டியலும் எச்சக் கண்காணிப்புத் திட்டமும் இறாலுக்கு வந்தன. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறாலில் சோதிக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. கப்பலேறும் இறாலுக்கு வந்த இந்தக் கெடுபிடி, உள்ளூர்த் தராசில் ஏறும் கோழிக்கு வரவில்லை. திருப்பியனுப்ப ஆள் இல்லாத சரக்கு அது.

கோழி வளர்ப்பில் ஓர் உறுதியான தடை கொலிஸ்டின் மருந்துக்கு வந்தது. சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் மருத்துவமனைகள் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பழைய மருந்து, வேறெதுவும் கேட்காத நோயாளிகளுக்குக் கடைசிப் புகலாகத் திரும்பி வந்தது. அதற்குள் அது கோழித் தீவனத்திலும் சேர்ந்திருந்தது. அதை முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். சீனா 2017-இல் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடுத்தபின், கோழிகளின் ஈ. கோலையில் கொலிஸ்டின் எதிர்ப்பு 18.1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. இந்தியா 2019 ஜூலையில், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்கீழ், உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றுக்கான கொலிஸ்டினின் தயாரிப்பையும் விற்பனையையும் விநியோகத்தையும் தடைசெய்தது. டெட்ராசைக்ளின் போன்ற மற்ற மருந்துகளை அந்த ஆணை தொடவில்லை.