சுபேதார் இராம்ஜி சக்பால்

அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படம் இல்லாத மன்றம் நம் பகுதிகளில் அரிது. அவர் பெற்ற பட்டங்களை நம் இளைஞர்கள் வரிசை பிறழாமல் சொல்வார்கள். ஆனால் அந்தப் படிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று வினவினால், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஒருவரையே பலரும் குறிப்பிடுவர். மன்னரின் உதவி மறக்கத் தக்கதன்று. எனினும் அது வந்து சேர்ந்தது கல்லூரிப் படிப்பின் இடையிலேதான். அதற்கு முந்தைய ஆண்டுகளின் சுமை முழுவதையும் தாங்கியவர் ஓய்வூதியம் பெற்று வந்த ஒரு படைவீரர். அண்ணலின் தந்தையாரான சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால் என்னும் அக்குடும்பத் தலைவரைப் பற்றி இங்கு சிறிது எழுத விழைகின்றோம்.

இராம்ஜியின் முன்னோர் ஊர் கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த அம்படவே. மகார் குலத்தில் பிறந்தார். தந்தை மாலோஜியும் படையில் பணியாற்றியவரே. ஊர்ப் பள்ளிகள் நம் போன்றோர்க்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில், படையில் சிப்பாய்களும் அவர்தம் பிள்ளைகளும் எழுத்தறிவு பெறும் ஏற்பாடு இருந்தது. இராம்ஜி அந்த வாய்ப்பை இறுகப் பற்றிக்கொண்டார். ஆசிரியப் பயிற்சி பெற்று, படைப்பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கினார். சுபேதார் பதவிக்கும் உயர்ந்தார். மனைவி பீமாபாயும் படைக் குடும்பத்தில் பிறந்தவரே. அவர்களுக்குப் பதினான்காம் மகவாக 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் பாசறையில் பிறந்தவர்தாம் பீமராவ்.

படையிலிருந்து இராம்ஜி ஓய்வு பெற்ற காலத்திலேயே, மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்திவிட்டது. தமக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டது என்று அவர் வாளாவிருக்கவில்லை. நீதிபதி இரானடேயின் துணையோடு அரசுக்கு விண்ணப்பம் வரைய முற்பட்டார். தாம் ஏறிவந்த ஏணி பின்வருவோர்க்கும் வேண்டும் என்று எண்ணியவர் அவர்.

1896 அளவில் பீமாபாய் மறைந்தார். பிறந்த குழந்தைகளுள் எஞ்சியவர் ஐவரே. உடற்குறை உடைய அத்தை மீராபாய் பிள்ளைகளைப் பேணினார். ஓய்வூதியம் போதாமையால் இராம்ஜி மீண்டும் வேலைக்குச் சென்றார். சதாரா மாவட்டத்துக் கோரேகாவில் பஞ்ச நிவாரணமாக ஏரி ஒன்று வெட்டப்பட்டபோது, அங்கே காசாளராக அமர்ந்தார். பிள்ளைகள் சதாராவில், தந்தை வெளியூரில். பிழைப்புக்காகக் குடும்பம் பிரிந்து வாழ்வது நம் இல்லங்களுக்குப் புதிதன்று அல்லவா?

1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு அவர் அழைத்தார். புதுச்சட்டை அணிந்து, இரயிலேறி, மசூர் நிலையத்தில் அவர்கள் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. புறப்படும் செய்தியைத் தாங்கிய கடிதம் வந்தும், அதனைத் தந்தையிடம் கொடுக்க ஏவலாள் மறந்துவிட்டான். பிள்ளைகள் இன்னார் என அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. இறுதியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் இசைந்தான். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். அவன் உடன் நடந்து வருவான் என்பது ஏற்பாடு. கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் தருவார் இல்லை. மறுநாள் முற்பகலில் அவர்கள் வந்து நின்றபோதுதான் தந்தைக்குச் செய்தியே தெரிந்தது. அண்ணல் பிற்காலத்தில் இதனை விரிவாக எழுதியுள்ளார். அரசுப் பணத்தை நம்பிக் கையில் கொடுக்கத் தக்கவராயிருந்த காசாளரின் மக்களுக்கு ஒரு குவளை நீர் கொடுக்கத் தகுதியில்லை என்று கருதிய நாடு இது!

1904இல் குடும்பம் பம்பாய் சென்றது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஒரு சாலில் ஓர் அறை. சமையலும் அங்கே, உறக்கமும் அங்கே, படிப்பும் அங்கேயே. மகன் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அத்தனை பேர் புழங்கும் அறையில் எப்போது படிப்பது? இராம்ஜி ஒரு வழி கண்டார். முன்னிரவிலேயே மகனை உறங்கச் செய்துவிட்டு, தாம் இரவு 2 மணி வரை விழித்திருப்பார். பின்னர் மகனை எழுப்பி மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்த்திய பிறகே தாம் படுப்பார்.

பாடநூலுக்கு அப்பால் வேறு நூல்களையும் மகன் கேட்பான். கையில் காசில்லை. உடனே மணமாகிச் சென்ற இளைய மகளின் வீட்டுக்கு நடப்பார்; அங்கு இல்லையெனில் மூத்த மகளிடம் செல்வார். அவர் நகையொன்றைக் கழற்றிக் கொடுப்பார். அது மார்வாடிக் கடைக்கு அடகு போகும். ஓய்வூதியம் வந்ததும் மீட்டு மகளிடம் சேர்ப்பிக்கப்படும். இவ்வாறு எத்தனை முறை என்பதை எவர் கணக்கெழுதி வைத்தார்? அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். இருவரைப் படிக்க வைக்க அவ்வீட்டில் வழியில்லை. அம்பேத்கரின் கல்வி வரலாற்றில் இந்த உடன்பிறந்தார் மூவரின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

தந்தைக்கும் மகனுக்கும் எப்போதும் இணக்கமே நிலவியது என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். இராம்ஜி மறுமணம் செய்துகொண்டதும், தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்ததும் சிறுவனைச் சுட்டன. பம்பாய் ஆலைக்கு ஓடிப்போகத் திட்டமிட்டு, அத்தையின் சுருக்குப்பையை அவன் திருடியதும் உண்டு. அதில் இருந்தது அரையணா! வெட்கமுற்ற சிறுவன் அன்று முதல் படிப்பில் முனைந்தான்.

கபீர் நெறியினரான இராம்ஜி, காலையும் மாலையும் பிள்ளைகளைப் பாரத இராமாயணங்களைப் படிக்கச் செய்வார். எதற்கு என்று மகன் ஒருநாள் கேட்டான். தீண்டத்தகாதோர் என்பதால் உங்கள் உள்ளத்தில் தாழ்வு மனப்பான்மை புகலாம். துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்ததைப் பாருங்கள் என்பது தந்தையின் விடை. அவ்விடை அண்ணலுக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால் எதிர்வினா எழுப்பும் உரிமை அந்த வீட்டில் இருந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

மகன் 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினான், 1912இல் பி.ஏ. முடித்தான். 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தான். சில நாட்களிலேயே தந்தைக்கு உடல்நலம் குன்றியதாகத் தந்தி வந்தது. ஊர் திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்குவதற்காகச் சூரத் நிலையத்தில் இறங்கினான், இரயில் போய்விட்டது. மறுநாளே வீடு சேர முடிந்தது. மகனின் முதுகைத் தடவிக் கொடுத்த அக்கை சற்று நேரத்தில் ஓய்ந்தது. அந்நாள் 1913 பிப்ரவரி 2.

அதே ஆண்டில் பீமராவ் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பத்தாண்டுகளுக்குப் பின் இலண்டனில் வெளிவந்த அவருடைய ‘ரூபாயின் சிக்கல்’ என்னும் ஆய்வுநூல், தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.