விருதுப்பெயர்களும் சேரிப் பெயர்களும்



மன்னர்களின் பட்டப்பெயர்களைப் பற்றி தலித் இலக்கிய மேடையில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ராஜராஜன் எங்கள் பாட்டன் என்று சாதிச் சங்கங்கள் போட்டி போட்டுச் சுவரொட்டி ஒட்டுகின்றன. நம் இளைஞர்களிலும் சிலர் 'நாமும் ஆண்ட பரம்பரைதான்' என்கிறார்கள். அப்படியானால் ஆண்டவர்களின் பெயர்கள் எப்படி உருவாயின என்று நாம் பார்த்தாக வேண்டும்.

பக்கத்திலிருந்தே தொடங்குவோம். நெய்வேலிக்குத் தெற்கே இருக்கும் வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் (907–955) காலத்தில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அவனுடைய விருதுப்பெயர். அதுவே ஏரிக்குப் பெயராகி, வீராணம் என்று மருவியது. ஏரிக்கரையிலுள்ள காட்டுமன்னார்கோயில் அன்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஏரிக்கும் ஊருக்கும் மன்னன் பெயர் கிடைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை.

ராஜராஜன் (985–1014) இதை ஆட்சிமுறையாகவே மாற்றினான். அருண்மொழி என்ற இயற்பெயருக்கு மேல் மும்முடிச்சோழன், சிவபாதசேகரன், சயங்கொண்ட சோழன் என்று விருதுகள் அடுக்கப்பட்டன. நாட்டைப் பிரித்த வளநாடுகளும் கேரளாந்தகன், நித்தவினோதன், சத்திரியசிகாமணி என்ற அவனுடைய விருதுகளையே தாங்கின. பெரிய கோயிலின் தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனும் 'ராஜராஜப் பெருந்தச்சன்' ஆனான். உழைத்தவனின் திறமைக்கும் மன்னனின் முத்திரை விழுந்தது.

தோழர்களே, அதே பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. அங்கே கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் உள்ளன. அவற்றின் நுட்பமான பொருள் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். 'தீண்டா' என்ற சொல் மன்னனின் அரசாணையில் நிலவகையின் பெயராக நிற்கிறது என்பதை எந்த வாதமும் அழிக்காது. மேலே இருப்பவன் தனக்கு வேண்டிய பெயர்களைத் தானே சூட்டிக்கொண்டான். கீழே இருப்பவர்களின் குடியிருப்புக்கு மற்றவர்கள் பெயர் வைத்தார்கள். அங்கு வாழ்ந்தவர்களின் சொந்தப் பெயர்களை அந்தப் பட்டியல் கேட்கவே இல்லை.

விருதுப்பெயர் உண்மையின் பதிவு அல்ல, உரிமைகோரல். 13ஆம் நூற்றாண்டில் சோழர்க்கு அடங்கிய சிற்றரசனாக இருந்த கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்றும் பெயர் சூட்டிக்கொண்டான். அவன் ஆண்டது சகல புவனமல்ல.

நம் முன்னோடிகள் இந்தப் பெயர் அரசியலை நன்றாகப் புரிந்திருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே இதழுக்குப் பெயர் வைத்தார். வசைச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கூச்சமில்லாமல் நின்றார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். 1907இல் தொடங்கிய தன் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். வழிகள் வேறு, என் பெயரை நான்தான் முடிவு செய்வேன் என்ற உறுதி ஒன்று. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. இதே காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடு முழுவதும் தீண்டாமை எப்படி நடக்கிறது என்பதை 1969இல் அறிக்கையாக வைத்தது. வீரநாராயணன் பெயர் தாங்கிய ஊர் நமக்குத் தந்தது அவரை.

'பாபாசாகேப்' என்பதும் பட்டப்பெயர்தான். அதை அம்பேத்கர் கல்லில் வெட்டிக்கொள்ளவில்லை. மக்கள் வாயிலிருந்து வந்தது. இந்த வேறுபாடுதான் நமக்கு அளவுகோல்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. வரவேற்போம். ஆனால் பலகையில் பெயர் மாறி, சுடுகாட்டுப் பாதை மாறாமல் இருந்தால் அது இன்னொரு விருதுப்பெயராகவே முடியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாம் கூடியிருக்கும் இந்த நகரியத்தின் பகுதிகள் வட்டம் ஒன்று, வட்டம் இரண்டு என்று எண்களால் அழைக்கப்படுகின்றன. சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த ஊர்களின் சேரிகள், குட்டைகள், களத்துமேடுகளுக்குப் பெயர்கள் இருந்தன. அவை இன்னும் வயதானவர்களின் நினைவில் இருக்கின்றன. போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள். நமக்கு ஆண்ட பரம்பரை என்ற பட்டம் தேவையில்லை; ஏரி வெட்டியவர்களின் பரம்பரை என்று நிமிர்ந்து சொல்வோம்.

ஜெய்பீம்.