கக்கூஸ் எப்படி வீட்டுக்குள் வந்தது?

எல்லாம் கீழ்வீட்டு ஆன்ரியின் சீலிங்கில் வந்த ஒரு மஞ்சள் கறையில்தான் தொடங்கியது. வெள்ளவத்தையில் இருக்கிற எங்கட தொடர்மாடி வீட்டின் பாத்ரூமிலிருந்து தண்ணி கசியுது என்று அவ மூன்று தரம் சொன்னா. நாங்கள் மூன்று தரமும் சமாளித்தோம். நாலாம் தரம் அவ ஒன்றும் சொல்லவில்லை, படம் எடுத்து அனுப்பினா. அடுத்த கிழமை மேசன் பாஸ் வந்து நிலத்தைக் கொத்தத் தொடங்கிவிட்டார்.

கொத்தக் கொத்த எங்கட கிறீம் நிற ரைல்ஸுக்குக் கீழே பழைய வெள்ளை ரைல்ஸ் வந்தது. அதுக்கும் கீழே வெறும் சீமெந்து. வீட்டுக்குள்ள சண்டையும் அதோடு சேர்ந்து வந்தது. தங்கச்சிக்கு மினுக்கமில்லாத சாம்பல் நிறம் வேணும். அம்மாவுக்கு வெள்ளைதான், "ஊத்தை தெரிஞ்சாத்தானே கழுவலாம்" என்றா. அம்மம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "வழுக்காம இருந்தாச் சரி. பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி வையுங்கோ."

வரலாறு படிக்கிறோம் என்று சொல்லித் திரிகிற நாங்கள் இந்தச் சண்டைக்குள் இருந்த வரலாற்றைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம்.

அம்மாவின் வெள்ளையிலிருந்து தொடங்குவோம். 1854இல் லண்டனில் கொலரா பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அது ஒரு தெருக்குழாயின் தண்ணியால் வருகிறது என்று காட்டினார். பலர் நம்பவில்லை. கெட்ட வாடைதான் நோயைக் கொண்டுவருது என்பதே அந்தக் காலத்து எண்ணம். 1858 கோடையில் தேம்ஸ் ஆறே நாறத் தொடங்கியது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்துக்குள் இருக்க முடியாமல் போனபிறகுதான் நகரம் முழுவதற்கும் கழிவுநீர்க் குழாய் போடக் காசு வந்தது. பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் அந்த வேலையைச் செய்தார். பிறகு கிருமி பற்றிய அறிவு பரவ, மரப்பலகையும் சுவர்க்கடதாசியும் இருந்த குளியலறைகள் வெள்ளை ரைல்ஸுக்கு மாறின. ஊத்தை ஒளிய இடமிருக்கக்கூடாது என்ற பயம்தான் அந்த வெள்ளை. அம்மா சொன்னதும் அதைத்தானே!

தங்கச்சியின் ஆசைக்கும் வயசு நூறுக்குக் கிட்ட. 1927இல் அமெரிக்காவின் கோலர் நிறுவனம் கொமட், பேசின், தொட்டி எல்லாவற்றையும் ஒரே நிறத்தில், பல நிறங்களில் விற்க வந்தது. உடைந்தால் மட்டும் மாற்றுகிற சாமான், நிறம் பழசானாலும் மாற்றுகிற சாமானாக ஆகத் தொடங்கியது இப்படித்தான்.

தொடர்மாடி வீட்டுக்குள் இந்த அறை வந்த கதைக்கு நியூயோர்க்கைப் பார்க்கலாம். குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த மாடிக் கட்டடங்களில் 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்கவேணும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் பெரும்பாலும் பின்முற்றத்தில். இரவில் ஒரு பிள்ளை ஐந்து மாடி இறங்கிப் போகவேணும். புதிதாகக் கட்டுகிற கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை இருக்கவேணும் என்று சட்டம் வந்தது 1901இல்தான். இன்றைக்கு "இரண்டு அற்றாச்ட் பாத்ரூம்" என்று விளம்பரத்தில் வாசிப்பது ஒருகாலத்தில் போராடிப் பெற்ற உரிமை.

சரி, எங்கட பக்கம் என்ன நடந்தது?

சொல்லிலிருந்தே பார்க்கலாம். கக்கூஸ் என்பது ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. 1658இலிருந்து 1796வரை கரையோரத்தை ஆண்டவர்கள் விட்டுப்போனது. எங்கட நிலத்தைக் கொத்தின "பாஸ்" கூட அவர்களின் சொல்தான். பிரித்தானியர் காலத்தில், 1886இல், லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாயில் தண்ணி வந்தது. கழிவுநீர்க் குழாய்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. அந்தக் குழாய்கள் கடலுக்குள் போய் முடிகிற இடங்களில் ஒன்று எங்கட வெள்ளவத்தை. பின்னேரத்தில் கடற்கரையில் கடலை சாப்பிட்டபடி இருக்கிற நாங்கள் இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

குழாய் வராத இடங்களில் வாளிக் கக்கூஸ்தான். வீட்டின் பின்பக்கம் சின்னக் கதவு ஒன்று இருக்கும். விடியமுதல் ஒருவர் வந்து வாளியை எடுத்துப் போவார். நகரசபைகளின் இந்த வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் அது நடந்தது. வாளி போய்விட்டது. ஆனால் துப்புரவு வேலை இன்னும் பெரும்பாலும் அவர்களின் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் தலையில்தான் இருக்கிறது.

அம்மம்மா கிணத்தடிக் குளிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டா. துலா, வாழைக்குப் பாயும் தண்ணி, குறுக்குக்கட்டோடு பெண்களின் ஊர்க்கதை. கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஊரில் சில சனத்துக்குக் கிணத்தைத் தொட உரிமை இருக்கவில்லை. வேறு யாரும் அள்ளி ஊத்தும்வரை குடத்தோடு நிற்கவேணும். மலையகத்தில் லயன் அறைகளோடு வாழ்ந்தவர்களுக்குப் பல வீடுகளுக்கு ஒரு பீலி, பொதுக் கழிப்பறை. இருட்டில், மழையில், அட்டைக்குள்ளால் பெண்கள் வெளியே போகவேணும். பல தோட்டங்களில் இது இன்னும் முடியாத கதை.

கிணறும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இன்னொரு பிரச்சினை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்குகிற மழைத்தண்ணிதான் குடிநீர். வெடிப்பும் துவாரமும் உள்ள கல் என்பதால், மலக்குழியிலிருந்து இறங்குவதும் தோட்டத்துக்குப் போடுகிற உரமும் அதே தண்ணிக்குள் சேரும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டிவிட்டன. பளபளவென்று கட்டுகிற புதுப் பாத்ரூமின் குழி எங்கே போகுது என்று ரைல்ஸ் கடையில் யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் வாசித்தபிறகு எங்கட பாத்ரூமைப் பார்த்தால் வேறமாதிரித் தெரிந்தது. உதாரணத்துக்கு, பேசினுக்குக் கீழே இருக்கிற வளைந்த பைப். அலெக்சாண்டர் கமிங் என்ற மணிக்கூட்டுக்காரர் 1775இல் கொமட்டுக்கு அப்படியொரு வளைவை வைத்து உரிமம் எடுத்தார். வளைவுக்குள் நிற்கிற தண்ணி குழாயின் வாடையை மேலே வரவிடாது. கனநாள் பூட்டியிருந்த வீட்டில் பாத்ரூம் நாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தண்ணி காய்ந்துபோவதுதான். ஒரு வாளி தண்ணி ஊத்தினால் போதும்.

அம்மம்மாவின் கம்பிக்கும் ஆதரவு கிடைத்தது. 1966இல் அலெக்சாண்டர் கிரா என்ற கோர்னெல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பேராசிரியர் குளியலறை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனிச உடம்பு எப்படி வளையுது, இருக்குது, கழுவுது என்று பார்க்காமலே இந்தச் சாமான்களைச் செய்திருக்கிறார்கள் என்பது அவரின் முறைப்பாடு. அம்மம்மா புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் நிலத்துக்குச் சொரசொரப்பான சாம்பல், சுவருக்கு வெள்ளை. கொமட்டுக்குப் பக்கத்தில் கம்பி. ஷவரோடு சேர்த்துப் பதிவாக ஒரு பைப், அம்மம்மாவின் வாளிக்கு. நீர்க்காப்புப் பூசி, ரைல்ஸ் ஒட்டமுதல் ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டிவிட்டுக் கீழ்வீட்டு ஆன்ரியைக் கூப்பிட்டு அவவின் சீலிங்கைப் பார்க்கச் சொன்னோம். காய்ந்திருந்தது.

ஒன்றில் மட்டும் இழுபறி. அடைப்பு வந்தால் பைப்பைத் திறக்க மூலையில் ஒரு மூடி இருந்தது. வடிவில்லை, ரைல்ஸால் மூடிவிடுவோம் என்றா அம்மா. பாஸ் தலையாட்டவில்லை. "மூடினா, பிறகு வாறவன் உடைச்சுக் கையை விட்டுத்தான் எடுக்கோணும்" என்றார்.

மூடி இப்பவும் மூலையில் தெரிகிறது. வடிவில்லைத்தான். அது இருக்கட்டும் என்று முதலில் சொன்னது அம்மாதான்.