மினமாட்டா நோய் ஆய்வு

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவத் துறை 1956 முதல் நடத்திய பாதரச நஞ்சு ஆய்வுகளும், அவற்றைத் தொடர்ந்து வளர்ந்த கல்வி முயற்சிகளும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. நச்சியல் அதுவரை பெரும்பாலும் ஆலைக்குள் உழைப்பவரின் உடலையே பார்த்துவந்தது. ஆலை வாசலை மிதித்தே இராத மீனவக் குடும்பங்களைக் கடலும் மீனும் வழியாக நஞ்சு எட்டக்கூடும் என்பதை நிலைநாட்டிய ஆய்வு இது. அந்த வகையில், சுற்றுச்சூழல் நச்சியல் தனித் துறையாக எழக் காரணமான ஆய்வுகளுள் இதற்கு முன்வரிசை இடம் உண்டு.

மினமாட்டா ஊரில் 1908-இல் தொடங்கப்பட்ட சிசோ நிறுவனம், 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரசச் சேர்மமே அதற்கு வினையூக்கி. கழிவுநீர் நேரே விரிகுடாவுக்குப் போனது. 1950-களில் மீனவக் குப்பங்களில் பூனைகள் வெறிபிடித்தாற்போல் துள்ளிச் சுழன்று செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கைகால் மரத்தது, நா குழறியது, பார்வை சுருங்கியது. 1956 மே 1 அன்று, ஆலை மருத்துவமனையின் இயக்குநர் ஹொசொகாவா ஹஜிமே, இனம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார்.

அந்த ஆகஸ்டில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு அமைந்தது. தொற்று அல்ல, மீன், சிப்பி வழியாக உடலில் சேரும் கன உலோக நஞ்சு என்று நவம்பருக்குள்ளாகவே குழு சொல்லிவிட்டது. எந்த உலோகம் என்று கண்டுபிடிக்கத்தான் ஏறக்குறைய மூன்றாண்டு பிடித்தது. மாங்கனீசு, செலீனியம், தாலியம் என்று சந்தேகம் மாறிக்கொண்டே போனது. ஆலை எதைக் கொட்டுகிறது என்று ஆய்வாளர்களிடம் நிறுவனம் சொல்லியிருந்தால் இந்தச் சுற்றெல்லாம் தேவைப்பட்டிராது. 1958-இல் மினமாட்டாவுக்கு வந்த பிரிட்டன் நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மக்கால்பைன், நோய்க்குறிகள் கரிமப் பாதரச நஞ்சை ஒத்திருப்பதைச் சுட்டினார். விதைகளுக்குப் பூசும் மருந்து தயாரித்த இங்கிலாந்து ஆலையில் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களைப் பற்றி 1940-இல் ஓர் அறிக்கை வெளிவந்திருந்தது. அவர்களுள் ஒருவரின் மூளைத் திசுவில் பதிவாகியிருந்த சிதைவுகள் மினமாட்டாவில் இறந்தவர்களின் மூளையிலும் இருப்பதை நோயியல் பேராசிரியர் தகெயுச்சி தடாவோ கண்டார். கழிவுக் கால்வாயின் வாயில் அள்ளிய சேற்றில் டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோ பாதரசம் இருந்தது. நோயாளி ஒருவரின் தலைமுடியில் 705 பிபிஎம். 1959 ஜூலை 22 அன்று, கரிமப் பாதரசமே காரணம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

எதிர்வாதங்களும் பல்கலைக்கழகங்களிலிருந்தே வந்தன என்பதை மறைப்பதற்கில்லை. அழுகிய மீனிலுள்ள அமீன்தான் நஞ்சு என்று தோக்கியோப் பேராசிரியர்கள் சிலர் வாதிட்டார்கள்; செய்தித்தாள்களில் இரு தரப்புக்கும் சம இடம் கிடைத்தது. இதற்கிடையே, ஆலைக் கழிவைத் தின்ன வைத்த 400-ஆம் எண் பூனைக்கு அதே நோய் கண்டதை 1959 அக்டோபரில் ஹொசொகாவா நேரில் பார்த்தார். நிர்வாகம் சோதனையைத் தடுத்தது, முடிவு வெளிவரவில்லை. 1970-இல் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடி அவர் அதைச் சாட்சியமாகச் சொன்னார்.

தான் பயன்படுத்துவது கனிமப் பாதரசம், கரிமப் பாதரசம் அல்ல என்பது நிறுவனத்தின் வலுவான வாதமாக இருந்தது. சுகாதாரவியல் பேராசிரியர் இருகயாமா கட்சுரோ ஆலைக் கழிவிலிருந்தே மெத்தில் பாதரசச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, 1963-இல் அதை முறியடித்தார். அப்போதும் அரசு அசையவில்லை. 1965-இல் நீகாட்டாவின் அகானோ ஆற்றங்கரையில் இன்னொரு நிறுவனத்தின் கழிவால் அதே நோய் தலைதூக்கியது. மினமாட்டா நோய்க்குச் சிசோ நிறுவனமே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்ட நாள் 1968 செப்டம்பர் 26. அசிட்டால்டிஹைடு உற்பத்தி அந்த மே மாதமே நின்றுவிட்டிருந்தது. நிறுத்தியது அரசு உத்தரவல்ல, தொழில்நுட்பம் பழசாகிப்போனதுதான்.

மருத்துவ நூல்களையே திருத்தவைத்தது மருத்துவர் ஹராடா மசசுமியின் பணி. மினமாட்டாவில் அண்ணன், தம்பி இருவரை அவர் சந்தித்தார். இருவருக்கும் ஒரே குறிகள். மூத்தவனுக்கு மினமாட்டா நோய் என்றும், மீனே உண்ணாத இளையவனுக்குப் பிறவி மூளை வாதம் என்றும் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். கருவுற்றிருந்தபோது தான் உண்ட மீனின் நஞ்சுதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது என்று தாய் அடித்துச் சொன்னார். நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்பது அன்றைய பாடம். தாய் சொன்னதே சரி. 1962-இல் 16 குழந்தைகளுக்குக் கருவிலேயே நோய் கண்டது என்று ஏற்கப்பட்டது. பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் பாதுகாக்கும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அப்படி வீடு வீடாக இருந்த கொடிகளைப் பின்னர் சேகரித்துச் சோதித்ததில், எந்த ஆண்டுகளில் எவ்வளவு மெத்தில் பாதரசம் கருவை எட்டியது என்பது தெரியவந்தது. எந்த ஆய்வுக்கூடமும் திட்டமிட்டுச் சேர்த்திருக்க முடியாத ஆவணம் அது.

பாடத்திட்டம் ஆய்வைவிட மெதுவாகவே மாறியது. தோக்கியோ பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்த ஊய் ஜுன், 1970 முதல் பதினைந்து ஆண்டுகள், யாரும் வந்து கேட்கக்கூடிய மாலை விரிவுரைகளைத் தொழில் மாசு குறித்து நடத்தினார். அதற்காகப் பட்டமோ மதிப்பெண்ணோ கிடையாது. தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் தாமே பாதரசக் கழிவை வெளியேற்றியவர் அவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் கடைசிவரை அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஹராடா பின்னர் குமமோட்டோ காகுவென் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2002-இல் மினமாட்டாவியல் என்ற பாடத்தைத் தொடங்கினார். மருத்துவர்களோடு சட்ட அறிஞர்களும் நோயாளிகளும் அதில் வகுப்பெடுத்தார்கள்.

கருவில் சேரும் சிறு அளவு பாதரசம் பற்றிய கேள்வி அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. 1986-87-இல் பேரோ தீவுகளில் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த பிலிப் கிராஞ்ஜான் குழு நினைவாற்றல், மொழி, கவனம் ஆகியவற்றில் குறைவைக் கண்டது. செய்ச்செல்ஸ் தீவுகளில் ஆராய்ந்த ராசெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவுக்கு அப்படி எதுவும் தெளிவாகப் புலப்படவில்லை. பேரோ மக்கள் திமிங்கில இறைச்சி உண்பவர்கள், செய்ச்செல்ஸ் மக்கள் கடல்மீன் உண்பவர்கள் என்பது முரண்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. 2000-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு பேரோ முடிவுகளின் பக்கம் நின்றது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்பதே அந்நாட்டில் மெத்தில் பாதரசத்துக்கான வழிகாட்டு வரம்பு.